பேட்டரியைப் பழக்கிய பிளாந்தே



வெண்ணந்தூரில் கரண்ட் போனால் முதலில் தெரிவது நம் காதுக்குத்தான். தெருவில் ஓடிக்கொண்டிருந்த விசைத்தறிகளின் சத்தம் சட்டென்று நின்றுவிடும். அடுத்த நொடி உங்கள் வீட்டு இன்வெர்ட்டர் ஒரு முறை 'கீ' என்று கத்திவிட்டு, விளக்கையும் விசிறியையும் தாங்கிக்கொள்ளும். கீழே மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பொது பேட்டரிகள் படி விளக்கையும் கேட் விளக்கையும் கேமராவையும் ஏற்றுக்கொள்ளும். லிஃப்டுக்கு உள்ள தனி பேட்டரி, பாதியில் நின்ற லிஃப்டை அருகிலுள்ள தளத்துக்குக் கொண்டுபோய்க் கதவைத் திறந்துவிடும். நாமும் விட்ட இடத்திலிருந்து டிவி பார்க்கத் தொடங்கிவிடுவோம்.

2012-ல் சென்னைக்கு வெளியே நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் கரண்ட் இல்லாமல் இருந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். நம்மில் பலர் இன்வெர்ட்டர் வாங்கியது அப்போதுதான். இன்று மின்வெட்டு குறைந்துவிட்டது. கூடவே பேட்டரியைப் பற்றிய நினைப்பும் குறைந்துவிட்டது. அதன் விலையை இப்போது நாம் கொடுக்கப்போகிறோம். ஐந்து வருடமாவது உழைக்க வேண்டிய நம் பொது பேட்டரிகள் மூன்றாவது வருடத்திலேயே பத்து நிமிடத்தில் கைவிடுகின்றன. திறந்து பார்த்தபோது இரண்டு அறைகளில் தகடுகளுக்கு மேலே தண்ணீரே இல்லை. இதில் கம்பெனியையோ எலக்ட்ரீஷியனையோ குறை சொல்ல முடியாது. அந்தக் கதவை நாம் யாருமே திறந்து பார்க்கவில்லை.

புதிய பேட்டரி வாங்குவதற்கு முன், இதை முதன்முதலில் செய்தவரின் கதையைச் சொல்கிறேன். பேட்டரியை எப்படிக் கவனிப்பது, எப்படிச் சார்ஜ் செய்வது என்ற பாடம் முழுவதும் அவர் வாழ்க்கைக்குள்ளேயே இருக்கிறது. அவர் பெயர் காஸ்தோன் பிளாந்தே.

பறவை எலும்பு கண்ட இளைஞர்

பிளாந்தே 1834 ஏப்ரல் 22 அன்று பிரான்ஸின் தென்மேற்கு மூலையில், ஸ்பெயின் எல்லை மலைகளுக்கு அருகே உள்ள ஓர்த்தேஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். அவருடைய தம்பி பிரான்சிஸ் பிளாந்தே பின்னாளில் ஐரோப்பா அறிந்த பியானோ கலைஞர் ஆனார். அண்ணன் அறிவியல் பக்கம் போனார்.

1854-ல், இருபது வயதில், பாரிஸ் நகரின் கலை, தொழில் கல்விக்கூடத்தில் இயற்பியல் உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தார். பேராசிரியர் பாடம் நடத்தும்போது காட்ட வேண்டிய சோதனைகளைத் தயார் செய்து வைப்பது இப்படிப்பட்ட உதவியாளரின் வேலை. அங்கே இயற்பியல் பேராசிரியராக இருந்தவர் எட்மோன் பெக்கரெல். வெளிச்சம் பட்டால் மின்சாரம் உண்டாகும் என்பதை 1839-லேயே கண்டவர் அவர். நம் மொட்டை மாடியில் சோலார் பலகை போட வேண்டும் என்று இரண்டு கூட்டங்களாகப் பேசிக்கொண்டிருக்கிறோம் அல்லவா, அந்தப் பலகையின் ஆரம்பம் அவரிடம் இருக்கிறது. அதன் கீழே வைக்கப்போகும் பேட்டரியின் ஆரம்பம் அவருடைய உதவியாளரிடம் இருக்கிறது.

பேட்டரிக்கு முன்பே பிளாந்தேயின் பெயர் வேறொரு துறையில் நிலைத்துவிட்டது. 1855-ல் பாரிஸுக்கு அருகே மூதோன் என்ற இடத்தில், ஐந்து கோடி ஆண்டுகளுக்கும் முன்பு வாழ்ந்த ஒரு பெரிய பறவையின் எலும்பைக் கண்டெடுத்தார். பறக்க முடியாத பறவை, கிட்டத்தட்ட ஆள் உயரம். கண்டெடுத்தவரின் முதற்பெயரான காஸ்தோனைச் சேர்த்து அதற்கு காஸ்தோர்னிஸ் என்று பெயரிட்டார்கள். மற்றவர்கள் காலால் மிதித்துப் போகிற மண்ணில் நின்று பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. அந்தப் பழக்கம்தான் நம் கதைக்கு முக்கியம்.

தீர்ந்தால் தூக்கி எறி

அந்தக் காலத்து மின்சாரத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மின் நிலையம் கிடையாது, கம்பம் கிடையாது, மீட்டர் கிடையாது. தந்திக்கும் சோதனைக்கும் வேண்டிய மின்சாரம் எல்லாம் ஜாடியில் வைத்த துத்தநாகமும் அமிலமும் கரைந்து தந்ததுதான். உலோகம் கரைந்து முடிந்தால் கதையும் முடிந்தது. நம் சுவர்க் கடிகாரத்து செல் போல, தீர்ந்தால் தூக்கி எறிய வேண்டியதுதான்.

இப்படிப்பட்ட மின்சாரத்தைத் தண்ணீருக்குள் இரண்டு உலோகத் தகடுகள் வழியாகச் செலுத்திவிட்டு நிறுத்தினால், அந்தத் தகடுகளே கொஞ்ச நேரம் எதிர்த்திசையில் மின்சாரம் தரும். ஜெர்மனியில் ரிட்டர் என்பவர் 1803-லேயே இதைக் கண்டிருந்தார். அரை நூற்றாண்டாகப் பலருக்கும் இது ஒரு தொந்தரவாகவே பட்டது. நாம் அனுப்பும் மின்சாரத்தை எதிர்த்து நிற்கிறதே என்று அதைக் குறைக்க வழி தேடினார்கள்.

பிளாந்தே அந்தத் தொந்தரவையே எடுத்து ஆராய்ந்தார். ஒவ்வோர் உலோகமாக அமிலக் கரைசலில் வைத்து, மின்சாரம் செலுத்தி, நிறுத்தி, திரும்பி வருவது எவ்வளவு, எத்தனை நேரம் நிற்கிறது என்று அளந்து பார்த்தார். தங்கமும் பிளாட்டினமும் இருந்த அந்த வரிசையில் வென்றது மலிவான ஈயம். திரும்பி வந்த மின்சாரம் ஈயத்தில்தான் வலுவாகவும் நீண்ட நேரமும் இருந்தது.

1859-ல் இரண்டு ஈயத் தகடுகளை நடுவே துணி வைத்துப் பாய் சுருட்டுவது போல ஒன்றாகச் சுருட்டி, கண்ணாடி ஜாடியில் நீர்த்த கந்தக அமிலத்துக்குள் இறக்கினார். திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்து பயன்படுத்தக்கூடிய முதல் பேட்டரி அதுதான். அடுத்த ஆண்டு மார்ச் மாதம் அப்படிப்பட்ட ஒன்பது ஜாடிகளை இணைத்து பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் முன் வைத்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தாறு கூட நிறையவில்லை.

உங்கள் இன்வெர்ட்டர் பேட்டரியை இப்போது மனதில் கொண்டுவாருங்கள். மேலே ஆறு மூடிகள் இருக்கும். ஒவ்வொரு மூடிக்குக் கீழும் ஒரு பிளாந்தே ஜாடி. ஒன்று சுமார் 2 வோல்ட். ஆறும் சேர்ந்தால் 12. ஈயம், கந்தக அமிலம், தண்ணீர் மூன்றும் 160 வருடத்துக்கு மேலாக மாறவில்லை.

ஊட்டுவது எப்படி

இனித்தான் அவருடைய உண்மையான உழைப்பு. புது ஈயத் தகடு மிகக் கொஞ்சம் மின்சாரத்தைத்தான் பிடித்து வைக்கும். மேல்தோல் மட்டும் மாறும், உள்ளே பச்சை ஈயம் அப்படியே இருக்கும். பிளாந்தே என்ன செய்தார் தெரியுமா? ஒரு பக்கமாகச் சார்ஜ் செய்தார், காலி செய்தார். பிறகு திசையை மாற்றிச் சார்ஜ் செய்தார், காலி செய்தார். நடுவே ஓய்வு விட்டார். முதலில் சில மணி நேரம், பிறகு சில நாள், பிறகு சில வாரம். இப்படி மாதக்கணக்கில் செய்யச் செய்ய, தகட்டின் மேல்பகுதி பஞ்சு போல நுண்துளைகள் விட்டு, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடுதலாக மின்சாரத்தை வாங்கியது. கன்றுக்குட்டியை ஏருக்குப் பழக்குவது போலத் தகட்டைப் பழக்கினார். ஒரு பேட்டரி எவ்வளவு தரும் என்பது அதற்குள் இருக்கும் ஈயத்தின் எடையை மட்டும் பொறுத்ததல்ல, அதை எப்படிச் சார்ஜ் செய்தோம் என்பதையும் பொறுத்தது. அவர் வாழ்க்கையிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் பாடம் இது.

சார்ஜ் செய்ய அவரிடம் பிளக் பாயின்ட் இல்லை. ஜாடிகளில் அமிலம் ஊற்றி வைத்த புன்சன் செல்களைத்தான் பயன்படுத்தினார். ஒரு புன்சன் செல்லின் அழுத்தம் 2 வோல்ட்டுக்கும் குறைவு. அது ஈய செல்லை நிரப்பாது. மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டாரின் அழுத்தம் தொட்டியின் உயரத்தைவிடக் கூடுதலாக இருக்க வேண்டுமல்லவா? அதனால் இரண்டு புன்சன் செல்களைத் தொடராக இணைத்துத்தான் சார்ஜ் செய்தார். நம் வீட்டிலும் அதே கணக்கு. 12 வோல்ட் பேட்டரியை நிரப்ப 12 வோல்ட் போதாது. நல்ல சார்ஜர் சுமார் 14.4 வோல்ட் வரை ஏற்றி, அங்கே பல மணி நேரம் பிடித்து நிறுத்தி, நிறைந்த பிறகு 13.5 முதல் 13.8 வோல்ட்டுக்கு இறங்கிக் காவல் காக்கும்.

அந்த நடுக்கட்டத்தைத்தான் நாம் கெடுத்துவிடுகிறோம். பேட்டரி முக்கால் பங்கு நிறைவது வேகமாக நடக்கும். கடைசிக் கால் பங்குக்கு அவசரம் தெரியாது. மின்சாரம் குறைந்துகொண்டே போய் மெதுவாகத்தான் நிறையும். 150 ஏஎச் பேட்டரியில் பாதி செலவானால் 75 ஏஎச். 15 ஆம்பியரில் ஏற்றினால் ஐந்து மணி நேரம் என்று கணக்கு வரும். முழுமையாக நிறைய எட்டு முதல் பத்து மணி நேரம் ஆகும். கரண்ட் சிக்கனம் என்று இரவில் இன்வெர்ட்டரின் பிளக்கைப் பிடுங்கி வைப்பவர்கள் இந்தக் கணக்கைப் பாருங்கள்.

முழுதாக நிறையாவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். பேட்டரி மின்சாரம் தரும்போது இரண்டு தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது. 1882-ல் கிளாட்ஸ்டோன், டிரைப் என்ற இரண்டு ஆங்கில வேதியியலாளர்கள் இதை விளக்கினார்கள். சார்ஜ் செய்யும்போது அந்த சல்பேட் கரைந்து மீண்டும் ஈயமாகவும் ஈய ஆக்சைடாகவும் மாறும். உடனே சார்ஜ் செய்தால் அது மாவு போல இளகியிருக்கும், எளிதில் கரையும். நாள்கணக்கில் விட்டுவிட்டால் கற்கண்டு போலப் படிகமாக இறுகிவிடும். இறுகியது பிறகு எளிதில் கரையாது. அந்த அளவு தகடு நிரந்தரமாகப் போயிற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான பேட்டரிகள் உழைத்துத் தேய்வதில்லை, பட்டினியில் சாகின்றன.

விளக்கு முதல் இடி வரை

பிளாந்தேயின் பேட்டரி மெல்ல வெளியே வந்தது. நிலையத்தில் நின்றிருக்கும் ரயில் பெட்டிகளுக்கு விளக்கேற்ற உதவியது. பாரிஸ் மருத்துவர்கள் உடலின் உட்பகுதிகளைப் பார்க்க வெளிச்சத்துக்கும், சூடான கம்பியால் புண்ணைக் கருக்குவதற்கும் அதைப் பயன்படுத்தினார்கள். பட்டனை அழுத்தினால் மெழுகுவத்தியைப் பற்றவைக்கும் ஒரு சிறு பெட்டியையும் அவர் செய்தார். பழைய ரசவாதிகள் ஈயத்தைச் சனிக்கிரகத்துக்கு உரிய உலோகம் என்பார்கள். அதனால் அந்தப் பெட்டிக்குச் சனியின் தீப்பெட்டி என்று பெயர் வைத்தார். நம் ஊரில் அந்தப் பெயரில் விற்றால் யாரும் வாங்க மாட்டார்கள்.

அவருடைய ஆர்வம் அங்கே நிற்கவில்லை. 1870-களில் 800 ஜாடிகள் வரை வரிசையாக இணைத்து, ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் உண்டாக்கி, மின்னல், உருண்டை மின்னல், துருவ வெளிச்சம் போன்றவை எப்படி உண்டாகின்றன என்று மேசை மேலேயே செய்து பார்த்தார். 1879-ல் இருபது வருட ஆராய்ச்சியைத் தொகுத்து ஒரு நூலாக வெளியிட்டார்.

800 ஜாடிகளில் ஒன்று சோர்ந்தால் முழு வரிசையும் சோர்ந்துவிடும். நம் வீட்டு ஆறு அறைகளுக்கும் அதே விதி. நம் பொது அறையில் தொடராக இணைத்துள்ள நான்கு பேட்டரிகளுக்கும் அதே விதி. மொத்தமாக 48 வோல்ட் காட்டுகிறது என்று திருப்திப்படக்கூடாது. நான்கையும் தனித்தனியாக அளக்க வேண்டும். ஒன்று மட்டும் கெட்டது என்று புதிதாக ஒன்றைப் பழைய மூன்றோடு சேர்ப்பதும் தவறு. பழையவை முன்பே நிறைந்ததாகக் காட்டிச் சார்ஜை முடித்துவிடும், புதியது அரைவயிற்றோடு நிற்கும்.

காமில் ஃபோர் வந்தார்

பிளாந்தேயின் முறையில் ஒரு குறை. மாதக்கணக்கில் பழக்க வேண்டிய தகட்டைத் தொழிற்சாலையில் யார் செய்வது? 1881-ல் காமில் ஃபோர் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர், தகட்டின் மேல் ஈய ஆக்சைடைப் பசை போலப் பூசினால் அந்தப் பழக்கும் வேலை வெகுவாகக் குறையும் என்று காட்டினார். அந்த ஆண்டே ஃபோரின் பேட்டரிகள் பாரிஸிலிருந்து ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்குக் கொண்டுபோகப்பட்டன. பின்னாளில் கெல்வின் பிரபு என்று அழைக்கப்பட்ட வில்லியம் தாம்சன் அவற்றைச் சோதித்தார். பாரிஸில் நிரப்பிய மின்சாரத்தைப் பெட்டியில் வைத்துக் கடல் தாண்டி எடுத்துப்போக முடியும் என்பது அன்று பெரிய அதிசயம். அதே 1881-ல் கஸ்டவ் துரூவே என்பவர் பாரிஸ் தெருவில் பேட்டரியால் ஓடும் மூன்று சக்கர வண்டி ஓட்டினார். இன்று நம் கேட் முன் நிற்கும் மின்சார ஸ்கூட்டர்களுக்கு அது கொள்ளுத் தாத்தா.

பெட்டியில் எத்தனை ஏஎச் இருக்கிறது என்பது எடுக்கும் வேகத்தைப் பொறுத்தது என்பதையும் பிறகு கண்டார்கள். 1897-ல் பொய்க்கெர்ட் என்ற ஜெர்மானியர் அதற்கு ஒரு சூத்திரமே எழுதினார். உங்கள் பேட்டரியில் 150 ஏஎச், சி20 என்று எழுதியிருந்தால், 7.5 ஆம்பியராக இருபது மணி நேரம் மெல்ல எடுத்தால் 150 கிடைக்கும் என்று பொருள். மின்விசிறி, விளக்கு, டிவி எல்லாம் சேர்ந்து 300 வாட் ஓடினால், இன்வெர்ட்டரின் இழப்போடு 30 ஆம்பியர் வரை போகும். ஐந்து மணி நேரம் வரும் என்று கணக்கு சொன்னாலும், நான்கு மணி நேரத்துக்கும் குறைவாகவே வரும். அதிலும் பாதிக்கு மேல் காலி செய்யாமல் இருந்தால்தான் ஆயுள் நீளும். ஆக இரண்டு மணி நேரம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் கரண்ட் வராவிட்டால் டிவியை நிறுத்திவிட்டு ஒரு விளக்கும் ஒரு விசிறியும் போதும் என்று இருங்கள். வீட்டில் நெபுலைசரோ ஆக்சிஜன் கருவியோ பயன்படுத்தும் பெரியவர்கள் இருந்தால், இந்தக் கணக்கை அந்தக் கருவியின் வாட்டை வைத்து இன்றே போட்டுப் பாருங்கள். நள்ளிரவில் போடுகிற கணக்கு அல்ல இது.

பிளாந்தே 1889 மே 21 அன்று, பாரிஸுக்கு வெளியே, தாம் பறவை எலும்பு கண்ட அதே மூதோன் பகுதியில் காலமானார். வயது ஐம்பத்தைந்து. அவர் பழக்கிய தூய ஈயத் தகடு அவரோடு போய்விடவில்லை. பசை பூசிய தகடு மலிவாகச் சந்தையைப் பிடித்தாலும், துணை மின்நிலையங்களிலும் தொலைபேசி நிலையங்களிலும் பிளாந்தே பேட்டரி என்ற பெயரிலேயே அது தொடர்ந்தது. நன்றாகப் பராமரித்தால் இருபது வருடத்துக்கும் மேல் உழைக்கும். நம் வீடுகளில் இருக்கும் டியூபுலர் பேட்டரியில் பசையைக் குழாய்களுக்குள் அடைத்து உதிராமல் வைத்திருக்கிறார்கள். அதனால்தான் அடிக்கடி காலியாகி நிறைவதை அது தாங்குகிறது. கார் பேட்டரி அதைத் தாங்காது.

இந்த ஆராய்ச்சிக்கு நம் மாநிலத்திலும் ஒரு வீடு உண்டு. காரைக்குடியில் வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இன்றும் பேட்டரிகளை ஆராய்கிறது.

நாம் செய்ய வேண்டியது

பிளாந்தேயிடம் இருந்தது ஓர் ஈயத் தகடு, ஓர் அளவுமானி, நிறைய பொறுமை. நமக்கும் அவ்வளவுதான் வேண்டும். மாதம் ஒரு முறை, பதினைந்து நிமிடம்.

தண்ணீர்: சார்ஜ் முடியும் நேரத்தில் தகடு மேலும் வாங்க முடியாதபோது, மின்சாரம் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் வெளியே விடுகிறது. அமிலம் போவதில்லை, தண்ணீர்தான் குறைகிறது. ஆகவே டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். போர் தண்ணீரும் கேன் தண்ணீரும் ஆகாது, அமிலமும் ஊற்றக்கூடாது. சார்ஜ் முடிந்த பிறகு, மிதவைக் குறி காட்டும் அளவு வரை மட்டும். தகடு வெளியே தெரியும் அளவுக்குக் குறைந்திருந்தால், முதலில் தகடு மூழ்கும் அளவு மட்டும் ஊற்றிச் சார்ஜ் செய்து, பிறகு மீதியை நிரப்புங்கள். சீல் வைத்த பேட்டரியைத் திறக்கவே கூடாது.

வோல்ட்: நிறைந்த பேட்டரியைச் சார்ஜரிலிருந்தும் லோடிலிருந்தும் விலக்கி, சில மணி நேரம் ஓய்வு விட்டு மல்டிமீட்டரில் பாருங்கள். 12.5 முதல் 12.7 இருந்தால் நிறைவு. 12.1 அளவு என்றால் பாதி. 11.9-க்குக் கீழே போயிருந்தால் ஒரு நாள்கூட அப்படியே விடாதீர்கள். சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும்போது பார்க்கும் எண் சார்ஜரின் எண், பேட்டரியின் எண் அல்ல.

அமில அடர்த்தி: ஹைட்ரோமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். ஆறு அறைகளையும் எடுத்து எழுதுங்கள். நிறைவு எண் எவ்வளவு என்று பேட்டரியோடு வந்த அட்டையில் இருக்கும். வெப்ப ஊர்களுக்கான டியூபுலர் பேட்டரியில் 1.240 அளவில் இருப்பது வழக்கம். ஆறில் ஏதாவது ஒன்று மற்றவற்றைவிட 0.030-க்கு மேல் குறைந்தால் அந்த அறை நோய்வாய்ப்பட்டிருக்கிறது. ஆளைக் கூப்பிட வேண்டிய நேரம் அதுதான். முழுதாக நின்றுபோகும் வரை காத்திருக்க வேண்டாம். தண்ணீர் ஊற்றிய உடனே மட்டும் அளக்காதீர்கள், கலக்க நேரம் வேண்டும்.

வெப்பம்: 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரி கூடும்போதும் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. மேற்குச் சுவரை ஒட்டியோ மூடிய அலமாரிக்குள்ளோ வைக்காதீர்கள். வெப்ப உணரி உள்ள சார்ஜர் என்றால் வெயில் காலத்தில் தானாகவே வோல்ட்டைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும். புதிதாக வாங்குபவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள்.

காற்று: வெளிவரும் ஹைட்ரஜன் மணமில்லாதது, ஒரு பொறி போதும் வெடிக்க. பேட்டரி அறையில் காற்று போகட்டும். அங்கே சூடம், ஊதுபத்தி, சிகரெட் கூடாது. ஆயுத பூஜைக்கும் இது பொருந்தும். பேட்டரிக்குப் பொட்டு வைத்துக்கொள்ளுங்கள், தீபாராதனையை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். அமிலம் தொடும் வேலைக்குக் கையுறையும் கண்ணாடியும் வேண்டும். ஸ்பேனர் இரண்டு முனைகளையும் ஒரே நேரத்தில் தொடக்கூடாது. மோதிரம், வளையல் கழற்றிவிடுங்கள்.

ஊருக்குப் போகும்போது: ஒரு வாரம் பூட்டிவிட்டுப் போகிறீர்கள் என்றால் லோடை நிறுத்துங்கள், சார்ஜை நிறுத்தாதீர்கள். மாதக்கணக்கில் போவதென்றால் தண்ணீர் பார்த்துக்கொள்ளப் பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஆயுள் முடிந்த பேட்டரியைப் பழைய இரும்புக்காரரிடம் போடாதீர்கள். ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும் நஞ்சு. உடைத்து அமிலத்தைச் சாக்கடையில் ஊற்றினால் அது நம் போர் தண்ணீருக்கே திரும்பி வரும். 2022-ம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள்படி பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பு உற்பத்தியாளருக்கு உண்டு. புதியது வாங்கும் கடையிலேயே கொடுத்து, விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

பொது பேட்டரி அறையின் கதவில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கவிடப்போகிறோம். மாதத்தின் முதல் ஞாயிறு காலையில், தளத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்து, தேதி, நான்கு பேட்டரிகளின் வோல்ட், அறைகளின் அடர்த்தி, ஊற்றிய தண்ணீர் இவற்றை எழுதினால் போதும். ஒரு நாள் எண்ணைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. ஆறு மாத எண்களை வரிசையாகப் பார்த்தால் எந்த அறை சோர்கிறது என்று பள்ளிக்கூடப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். கதவுக்கு வெளியே நின்று அவர்கள் எழுதட்டும், உள்ளே நின்று நாம் அளப்போம்.

பிளாந்தே ஒரு தகட்டுக்கு மாதக்கணக்கில் பொறுமை காட்டினார். நம்மிடம் கேட்பது மாதத்துக்குக் கால் மணி நேரம். முதல் முறைக்கு எந்த வீடு என்று வரும் கூட்டத்தில் பெயர் கொடுங்கள். நான் என் வீட்டின் பெயரை எழுதி வைத்துவிட்டேன்.